நடுப்பகலில் போய்ப் பார்க்கக்கூடிய காப்பகம்: வேலைக்குத் திரும்பும் வடசென்னைப் பெற்றோருக்கு

பேறுகால விடுப்பு முடியும் நாள் நெருங்கும்போது, தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ குடியிருக்கும் ஒரு தாய் அக்கம்பக்கத்தில் முதலில் விசாரிப்பது, "கிட்டத்தில் நல்ல கிரெச் எது?" என்பதைத்தான். அதற்கு முன்பே விசாரிக்க வேண்டியது, காப்பகம் ஏற்படுத்தித் தரும் கடமை தன் நிறுவனத்துக்கு இருக்கிறதா என்பது. இதைக் கேட்காமலேயே பல குடும்பங்கள் சம்பளத்தில் ஒரு பங்கைத் தனியார் டே கேருக்குக் கட்டத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே இந்தக் கையேடு நிறுவனத்தின் வாசலில் தொடங்கி, பிறகுதான் காப்பகத்தின் வாசலுக்குச் செல்கிறது. இரண்டு வாசல்களுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்றுதான்: வேலை நாளின் நடுவே, சொல்லாமல் கொள்ளாமல், உங்களால் அந்தக் குழந்தையைப் போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா?

நிறுவனம் தர வேண்டியது

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்கான ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது எல்லோருக்கும் தெரிந்த செய்தியாயிற்று. அதே திருத்தம் சொன்ன இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்றும், ஓய்வு இடைவேளையையும் சேர்த்து நாளொன்றுக்கு நான்கு முறை தாய் அங்கே சென்று வர அனுமதிக்க வேண்டும் என்றும் அது விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அதே 50-உம் அதே நான்கு முறையும் இடம்பெற்றிருக்கின்றன. இவை தவிர, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்கென்று நாளுக்கு இரண்டு இடைவேளைகளும் உண்டு.

இங்கே அடிக்கடி நேரும் குழப்பம் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், முப்பதுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் இருந்தால் மட்டுமே காப்பகம் வேண்டும் என்றது. அதை நினைவில் வைத்துக்கொண்டிருக்கும் மேலாளர்கள், "நம்மிடம் எட்டுப் பெண்கள்தானே இருக்கிறார்கள்" என்று இன்றும் பதில் சொல்வதுண்டு. 2017 திருத்தத்தில் உள்ள 50 என்பது ஆண், பெண் இருபாலரையும் சேர்த்த எண்ணிக்கை. பெண்களைக் குறைவாக வேலைக்கு எடுத்துக் கடமையிலிருந்து தப்பிக்கும் வழியை இது அடைத்தது என்பதால், என் கருத்தில் அந்தத் திருத்தத்தின் மிகக் கெட்டிக்காரத்தனமான வரி இதுதான். ஒப்பந்த நிறுவனம் மூலமாக வேலை செய்யும் பெண்ணும் 1961 சட்டத்தின் வரையறைக்குள் வந்தார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளில் விற்பனைப் பிரிவில் நிற்கும் பெண்களுக்கும், கடையில் ஐம்பது பேர் இருந்தால், இது பொருந்தும். கடைப் பணியாளர் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல்தான் தமிழ்நாட்டில் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதை எண்ணிப்பார்த்தால், காப்பகத்தைக் கடை முதலாளி தானாக முன்வந்து தருவார் என்று காத்திருப்பதில் பொருளில்லை. ஐம்பது பேர் இல்லாத சிறு நிறுவனங்களுக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் பல நிறுவனங்கள் பணத்தைச் சேர்த்துப் பொதுக் காப்பகம் ஒன்றை நடத்தப் புதிய சட்டம் இடம் தருகிறது. மாதவரத்திலும் மணலியிலும் சுவரோடு சுவராக நிற்கும் கிடங்குகளுக்கும் பட்டறைகளுக்கும் இந்த ஏற்பாடு மிகவும் ஏற்றது. நான்கைந்து நிறுவனங்களின் பெண்கள் ஒரே மனுவில் கையெழுத்திட்டுக் கேட்பது அதற்கான தொடக்கம்.

எப்போது, எப்படிக் கேட்பது

விடுப்பில் போவதற்கு முன்பே கேட்பது நல்லது. காரணம் ஒரு சிறு கணக்கு. 26 வாரங்களில் அதிகபட்சம் எட்டு வாரங்களைப் பேறுக்கு முன் எடுத்துக்கொள்ளலாம். அப்படி எட்டையும் எடுத்துவிட்டால் மீதி 18 வாரங்கள்தான். அதாவது நீங்கள் வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு நான்கு மாதம் சற்றே கடந்திருக்கும். காப்பகங்கள் குறித்து ஒன்றிய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டு நெறிமுறைகளோ ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றியே பேசுகின்றன. தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய காலமும் அந்த ஆறு மாதம்தான். இடையில் விழும் ஏறத்தாழ இரண்டு மாதத்தை எப்படிக் கடப்பது என்பதுதான் பல வீடுகளில் கடைசி வாரத்தில் வெடிக்கும் பிரச்சினை. உடல்நிலையும் மருத்துவரும் அனுமதித்தால் பேறுக்கு முந்தைய விடுப்பைக் குறைத்துக்கொள்வது, சேர்த்துவைத்த ஈட்டிய விடுப்பைப் பயன்படுத்துவது, பணியின் தன்மை இடம் தந்தால் சிறிது காலம் வீட்டிலிருந்து வேலை செய்ய முதலாளியுடன் உடன்பாடு செய்துகொள்வது ஆகியவை வழிகள். கடைசி வழியையும் சட்டமே குறிப்பிடுகிறது.

வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே பதில் வரும். ஆகவே ஹெச்.ஆர். பிரிவுக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். நீளமாக எழுதத் தேவையில்லை:

"என் பேறுகால விடுப்பு இன்ன தேதியில் முடிகிறது. நமது நிறுவனத்தில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் பணிபுரிவதால், குழந்தைகள் காப்பக வசதி எந்த இடத்தில், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, எத்தகைய கட்டண ஏற்பாட்டில் கிடைக்கும் என்பதையும், நாள்தோறும் நான்கு முறை குழந்தையைப் பார்த்துவருவதை என் ஷிப்ட்டில் எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதையும் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

சண்டைக்கு இழுக்காத, அதே சமயம் தட்டிக்கழிக்கவும் முடியாத கடிதம் இது. மகப்பேறு நன்மைகள் அனைத்தையும் ஒரு பெண் வேலையில் சேரும்போதே எழுத்துமூலமாகவும் மின்னணு வழியிலும் தெரிவிக்க வேண்டும் என்று 2017 திருத்தமே கூறியிருந்தது, ஆகவே நீங்கள் கேட்பது சலுகை ஆகாது. தொழிற்சங்கம் இருந்தால் தனியாக எழுதாமல் சங்கத்தின் வழியாக எழுதுங்கள். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய மண்ணில் இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதிலே வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலரிடமும், தொழிற்சாலையாக இருந்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடமும் மனு அளிக்கலாம்.

நிறுவனங்கள் பொதுவாக மூன்று விதமாக இதைச் செய்கின்றன. வளாகத்துக்குள் தாங்களே ஓர் அறை நடத்துவது, அருகிலுள்ள காப்பகத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்வது, மாதம் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் கைகழுவுவது. மூன்றாவதைப் பணம் கையில் வருகிறதே என்று பலரும் விரும்புகிறார்கள். ஆனால் காப்பகம் எங்கே, எவ்வளவு தொலைவில் என்ற பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழுந்துவிடுவதோடு, நான்கு முறை பார்த்துவரும் உரிமையும் காகிதத்தில் மட்டுமே மிஞ்சும். மேற்சொன்ன நெறிமுறைகள் காப்பகம் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். எந்த ஏற்பாடானாலும், யார் எவ்வளவு கட்டுகிறார்கள், சம்பளத்தில் பிடித்தம் உண்டா, வேலையை விட்டால் என்னவாகும் என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டருகிலா, வேலையருகிலா

ராயபுரத்தில் குடியிருந்து மணலியில் வேலை செய்பவருக்கும், வியாசர்பாடியிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போய்வருபவருக்கும் ஒரே விடை பொருந்தாது. வடசென்னையில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்து பயனில்லை. எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றாலும், ரயில்வே கேட் மூடியிருந்தாலும், மழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றாலும், ஐந்து கிலோமீட்டர் என்பது ஒன்றரை மணி நேரமாகிவிடும். ஆகவே வரைபடத்தை மூடி வைத்துவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் என்று பகல் இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் இருபது நிமிடத்தில் யார் போய்ச் சேர முடியும் என்று கேட்டுப்பாருங்கள். அந்த ஆள் தாயாக இருந்தால் வேலையருகே, பாட்டியாகவோ தந்தையாகவோ இருந்தால் வீட்டருகே என்று முடிவு தானாகவே வந்துவிடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வேலையருகே உள்ள காப்பகம் சிறந்தது என்றாலும், நெரிசலான பேருந்தில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் கைக்குழந்தையைத் தூக்கிச் சென்று அந்த நன்மையைப் பெற வேண்டுமா என்று தயங்குவது நியாயமே. ஷிப்ட் வேலை என்றால் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். கடை இரவு ஒன்பது மணிக்கு அடைக்கப்பட, காப்பகம் மாலை ஆறு மணிக்கே பூட்டப்படுமானால், மூன்று மணி நேரத்துக்கு வேறொருவரைத் தேட வேண்டும்.

பால்வாடி என்று நாம் இன்றும் அழைக்கும் அங்கன்வாடி மையங்களை ஒதுக்கிவிட வேண்டாம். இரண்டு வயது கடந்த பிள்ளைக்கு விளையாட்டும் பாட்டும் மதிய உணவும் முட்டையும் வீட்டருகிலேயே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அலுவலகம் விடும் நேரம் வரை அவை இயங்குவதில்லை என்பதால், பிற்பகலுக்கு நம்பிக்கையான ஒருவர் இருக்கும் குடும்பங்களுக்கே அவை முழு விடையாகும்.

போய்ப் பார்க்கும்போது

முதல் முறை நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். இரண்டாம் முறை சொல்லாமல் போங்கள், அதுவும் காலை பதினொன்றரைக்கும் ஒன்றரைக்கும் இடையில். சாப்பாடு, கழிப்பறை, தூக்கம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் நெருக்கும் வேளை அது. சுவரில் வரைந்த யானையும் ஒட்டகச்சிவிங்கியும் எந்த நேரத்திலும் அழகாகவே இருக்கும். ஆயாம்மாவின் பொறுமை எவ்வளவு என்பது பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் தெரியும். "பேரன்ட்ஸ் எல்லாம் அஞ்சு மணிக்கு மேலதான் வரணும் மேடம்" என்று வாசலிலேயே நிறுத்தினால், வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை, திரும்பி வந்துவிடலாம். தூங்கும் பிள்ளைகள் விழித்துவிடுவார்கள் என்பது போன்ற காரணம் சொன்னால், கதவருகே நின்று எட்டிப்பார்க்க அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். சட்டம் தரும் நான்கு முறை என்பதைப் பாலூட்டும் நேரமாக மட்டும் கருதாதீர்கள். ஆய்வாளர் ஆண்டுக்கு ஒரு முறை வந்தால் அதிகம். தாய் நாள்தோறும் வருவதைவிடச் சிறந்த சோதனை ஒரு காப்பகத்துக்குக் கிடையாது.

உள்ளே போனதும் எண்ணுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு பணியாளரும் அவருக்குத் துணையாக ஓர் உதவியாளரும், மூன்று வயதுக்கு மேற்பட்டோர் இருபது பேருக்கு ஒருவரும் இருக்க வேண்டும் என்பது நெறிமுறை சொல்லும் அளவு. இதைக் குறைந்தபட்சம் என்றுதான் கொள்ள வேண்டும். ஒரு வயது நிரம்பாத மூன்று குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுதால், ஒருவருக்கு இரண்டு கைகள்தான் என்பதை எந்த நெறிமுறையும் மாற்ற முடியாது. கைக்குழந்தைகளுக்கு மூவருக்கோ நால்வருக்கோ ஒருவர் இருக்கும் இடம் கிடைத்தால் கூடுதல் கட்டணம் கொடுத்தாவது அதைத் தேர்ந்தெடுங்கள். அலுவலக அறையில் இருப்பவரையும் சமையல்காரரையும் எண்ணிக்கையில் சேர்த்துச் சொல்வார்கள், சேர்க்காதீர்கள். இடப்பரப்பு, பிள்ளை ஒன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர அடி.

எண்ணி முடித்தபின் கவனியுங்கள். எனக்குத் தெரிந்த மிக நம்பகமான அடையாளம் சோறூட்டும் காட்சிதான். ஒரு ஆயாம்மா தரையில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்து, "வாயைத் திற, காக்கா வருது பார்" என்று பேசி, அது விழுங்கிய பிறகு அடுத்த வாயைக் கொடுக்கிறாரா, அல்லது ஒரே கிண்ணத்தையும் ஒரே கரண்டியையும் வைத்துக்கொண்டு வரிசையாக மூன்று வாய்களில் திணித்துக்கொண்டு போகிறாரா என்று பாருங்கள். முன்னதில் பேச்சு இருக்கிறது, காத்திருத்தல் இருக்கிறது, குழந்தையின் விருப்பத்துக்கு மதிப்பு இருக்கிறது. மூளை வேகமாக வளரும் அந்த வயதில் குழந்தைக்கு வேண்டிய கல்வி அதுதான். பின்னதில் நோய்த்தொற்றும் சேர்ந்தே வருகிறது. டயப்பர் மாற்றுமிடம் சாப்பாட்டு இடத்திலிருந்து தள்ளி இருக்கிறதா, மாற்றியவர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறாரா என்பதையும் அதே நிற்பில் பார்த்துவிடலாம்.

தொலைக்காட்சியோ செல்போனோ ஓடிக்கொண்டிருந்தால் அதை ஒரு விடையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. ஆட்கள் போதாத காப்பகத்தில் கார்ட்டூன்தான் இன்னொரு ஆயாவாக வேலை பார்க்கிறது.

தூங்குமிடத்தில், கைக்குழந்தைகளை மல்லாக்காக, கெட்டியான தட்டையான விரிப்பில், முகத்தருகே தலையணையோ பொம்மையோ இல்லாமல் படுக்க வைத்திருக்க வேண்டும். சேலைத் தூளியில் ஆட்டுவது நம் வழக்கம்தான், வீட்டில் அருகிலேயே ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது அதில் தவறு காண்பவன் அல்லன் நான். ஆனால் பத்துப் பிள்ளைகள் உள்ள இடத்தில், புரளவும் எழுந்து உட்காரவும் தொடங்கிய குழந்தையைத் தூளியில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவது ஆபத்து.

நம் பகுதிக்கே உரிய சில சோதனைகள்

தண்ணீரைச் சேமித்துவைப்பது இங்கே வாழ்க்கைமுறை. டிரம், அகலமான அண்டா, தரையோடு தரையாக இருக்கும் சம்ப், குளியலறையில் எப்போதும் நிரம்பியிருக்கும் பக்கெட் ஆகிய ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். தவழும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் சில அங்குலத் தண்ணீரே போதும், சத்தம்கூட வராது. சம்ப் மூடியைக் கையால் தூக்கிப் பாருங்கள். எளிதாக வந்தால் பூட்டச் சொல்லுங்கள். மூடியில்லாத தண்ணீரில் டெங்கு கொசுவும் பெருகும் என்பதால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். மழை என்றதும், தெருவில் தண்ணீர் நின்றால் பிள்ளைகளை எங்கே மாற்றுவார்கள் என்பதையும் கேளுங்கள்.

லாரிச் சாலையை நோக்கிய அறையைவிட உள்தெருவில் உள்ள வீடு மேல். எண்ணூர், மணலி பக்கம் என்றால் இன்னொரு கேள்வியும் வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் சுற்றுவட்டார மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. அது பகலில் நடந்திருந்தால், பதினைந்து குழந்தைகளை இரண்டு ஆயாக்கள் எப்படி வெளியேற்றியிருப்பார்கள்? இதற்கு யோசித்து வைத்த பதில் உள்ள காப்பகம், மற்றவற்றிலும் யோசித்திருக்கும்.

தீ பற்றித் தமிழ்நாட்டில் எவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். தரைத்தளம், இரண்டு வழிகள், பூட்டப்படாத கதவு, பிள்ளைகள் இருக்கும் அறையிலிருந்து சுவரால் பிரிக்கப்பட்ட சமையலறை, கீற்றுக் கொட்டகை இல்லாத கட்டடம் ஆகியவற்றில் எந்தச் சமாதானத்தையும் ஏற்காதீர்கள்.

பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள் என்பதற்கு எழுதப்பட்ட பட்டியலும் புகைப்படமும் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய சொந்தக்காரரையே, பட்டியலில் இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பினால் கோபப்படாமல் நன்றி சொல்லுங்கள். கேமரா இருப்பது நல்லதுதான், எனினும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் இல்லையென்றால் அது அலங்காரம் மட்டுமே. மருந்து உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் தரப்படக் கூடாது, சாதாரணக் காய்ச்சல் சொட்டு மருந்தும் அதில் அடங்கும்.

தாய்ப்பாலும் முதல் வாரமும்

பீய்ச்சி எடுத்த பாலை வெளியில் நான்கு மணி நேரம் வரை வைக்கலாம் என்பது 25 டிகிரி வெப்பத்துக்குச் சொன்ன கணக்கு. சென்னையின் சித்திரை மாதத்துக்கு அது உதவாது. ஆகவே எடுத்த உடனே குளிர்சாதனப் பெட்டி, வழியில் ஐஸ் பை, புட்டியில் பெயரும் தேதியும் நேரமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் கொட்டிவிட வேண்டும். பாலை அடுப்பில் கொதிக்க வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை வைத்து இளஞ்சூடாக்கத் தெரிகிறதா என்று செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள்.

வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பழக்கத் தொடங்குவது நல்லது. முதலில் நீங்களும் உடனிருந்து ஒரு மணி நேரம், பிறகு அரை மணி நேரம் தனியே, பிறகு ஒரு சாப்பாடு, பிறகு ஒரு தூக்கம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு பிரிவு அச்சம் வலுப்பதால் அந்த வயதுப் பிள்ளைக்குக் கூடுதல் நாட்கள் பிடிக்கும். கண்ணில் படாமல் நழுவிப் போகாதீர்கள். அழுதாலும், "அம்மா போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

விட்டுவரும்போது அழுவது பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. கால் மணி நேரத்தில் அடங்குகிறதா என்பதே கேள்வி. மாலையில் "நல்லா இருந்தாளா?" என்று கேட்டால் "நல்லா இருந்தா" என்றுதான் பதில் வரும். "மதியம் எத்தனை மணிக்குத் தூங்கினாள், எப்படித் தூங்க வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். தயங்காமல் விவரம் சொல்லும் ஆயாம்மா உங்கள் குழந்தையை அறிந்தவர். அவர் அடுத்த மாதமும் அங்கே இருப்பாரா என்பது அவருடைய சம்பளத்தைப் பொறுத்தது. ஆயாக்கள் அடிக்கடி மாறும் இடத்தில், எவ்வளவு பளபளப்பு இருந்தாலும், குழந்தை யாரிடமும் ஒட்டாது.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் காயத்துக்கு விளக்கம் இல்லாதது, நாள் முழுதும் மாற்றப்படாத டயப்பரால் வரும் புண், ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டதும் உடல் விறைப்பது, பழகிவிட்ட பிள்ளை திடீரென்று உள்ளே போக மறுப்பது ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் மாதக் கடைசி வரை காத்திருக்காதீர்கள், கட்டிய முன்பணத்தையும் பார்க்காதீர்கள். அன்றே பிள்ளையை அழைத்துவந்து, தேவைப்பட்டால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ காட்டுங்கள். துன்புறுத்தல் என்ற சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். காப்பகம் நிறுவனத்தின் ஏற்பாடாக இருந்தால், ஹெச்.ஆர். பிரிவுக்கும் அதே நாளில் தேதியிட்டு எழுதுங்கள், ஏனெனில் அங்கே வேறு பணியாளர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.